எழுந்து நின்ற ராஜா

எங்கள் சபையில் பெண்கள் நாடகம் போடுவதென்றால் முதலில் சண்டை வரும், பிறகுதான் ஒத்திகை வரும். யார் ராணி, யார் தோழி, யாருக்கு வசனம் அதிகம் என்று ஆரம்பித்து, என்றைக்கோ நடந்த ஒரு கல்யாணப் பந்தியில் யார் யாரைக் கவனிக்கவில்லை என்பது வரைக்கும் போய் நிற்கும். அதனால் அந்த வருஷம் மாதர் சங்க ஆண்டு விழாவுக்கு வேதாகமத்து எஸ்தர் ராணி நாடகம் என்று முடிவானதும் ஐயரம்மா ஒரு காரியம் செய்தார். எங்கள் பக்கத்துச் சபைகளில் போதகரை ஐயர் என்போம், அவர் மனைவி ஐயரம்மா. அவர் எல்லாருடைய பெயர்களையும் துண்டுச் சீட்டில் எழுதி ஓர் எவர்சில்வர் டப்பாவில் போட்டுக் குலுக்கிவிட்டார். கர்த்தர் கொடுக்கிற வேஷத்தை முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் வாங்கிக்கொள்ளும் மனசைத் தரவேண்டும் என்று முன்கூட்டியே ஜெபமும் பண்ணிவிட்டார்.

எஸ்தர் ராணி என் மாமியாருக்கு விழுந்தது. அகாஸ்வேரு ராஜா எனக்கு விழுந்தது.

கூடியிருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அத்தைக்கு அறுபதை எட்டிப் பிடிக்கும் வயது. எஸ்தரோ ராஜா நாடெங்கும் தேடிக் கண்டெடுத்த இளம்பெண். ஐயரம்மாவே வாயைப் பொத்திக்கொண்டார். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. எஸ்தருக்கும் ஒருநாள் வயசாகியிருக்கும் அல்லவா என்று சொல்லிவிட்டு வசனத்தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அத்தை சொன்னால் சொன்னதுதான். வீட்டிலும் அப்படி, மாதர் சங்கத்திலும் அப்படி.

எங்கள் ஊர் வலங்கைமான் பக்கம். மாமனார் காலமான பிறகு நிலத்தை அத்தைதான் பார்க்கிறார். இதே வயல்களில் அவருடைய அப்பா அம்மா கூலிக்கு நட்டு, கூலிக்கு அறுத்தவர்கள். ஒவ்வொரு மா நிலமாக வாங்கிச் சேர்த்தது அத்தையும் மாமாவும். என் கணவர் சிங்கப்பூரில் இருக்கிறார். வீட்டில் அத்தை, நான், நாலு வயது மகள், மூன்றே பேர். மூன்று பேரில் அதிகாரம் யாரிடம் என்று கேட்டால் என் மகளே சரியாகக் கை காட்டுவாள்.

எனக்கு மூக்கு நுனியில் கோபம். கட்டிக்கொடுக்கும்போது என் அம்மா, வாயை மட்டும் அங்கே கொண்டு போய்விடாதே என்று சொல்லித்தான் அனுப்பினார். கொண்டுதான் வந்தேன். ஆனால் அத்தை முன்னால் அந்த வாய் தானாக அடங்கிவிடும். அவர் உள்ளே வந்தால் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துவிடுவேன். எழுந்திரு என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. எங்கள் பக்கத்து மருமகள்களுக்கு அது உடம்பிலேயே ஊறிப்போன பழக்கம். டி.வி. பார்த்துக்கொண்டிருந்தாலும் சரி, மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாலும் சரி, அவர் தலை தெரிந்ததும் கால்கள் நிமிர்ந்துவிடும். இந்தக் கால்கள்தான் பின்னால் நாடகத்துக்கு வினையாக வந்தன.

சீட்டு குலுக்கிய அந்த வாரத்தில் எனக்கு வேறொரு கவலை இருந்தது. நான் நர்ஸ் படித்தவள். கல்யாணத்துக்கு முன்னால் கும்பகோணத்தில் வேலை பார்த்தேன். மகள் பிறந்ததும் விட்டேன். இப்போது தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது. அடுத்த மாதம் வந்து சேர வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். கணவரிடம் போனில் சொன்னேன். சந்தோஷப்பட்டார். அம்மாவுக்குச் சரியென்றால் எனக்கும் சரி, நீயே கேட்டுவிடு என்று சொல்லி நைசாகக் கழன்றுகொண்டார்.

கேட்பதுதான் கஷ்டமாக இருந்தது. நான் வேலைக்குப் போனால் மகள் அத்தையின் பொறுப்பு. அவரோ விடிவதற்கு முன்பே டார்ச்சை எடுத்துக்கொண்டு வயலுக்கு மடை பார்க்கப் போகிறவர். குறுவைப் பயிர் நின்றுகொண்டிருந்தது, வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். நம் முறையில் மடையைத் திறக்கவில்லையென்றால் அடுத்த முறை வரைக்கும் வயல் காயும். அத்தை முடியாது என்றால் அதில் நியாயம் இருக்கும், அதுதான் எனக்குப் பயம். நியாயமில்லாத ஆளிடம் சண்டை போடலாம். நியாயமுள்ள ஆளிடம் என்ன செய்வது?

பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் மனசுக்குள் பேச்சை ஒத்திகை பார்த்தேன். எல்லாப் பேச்சும் கோபத்தில்தான் தொடங்கியது. நானும் படித்தவள்தானே, எனக்கும் ஆசை இருக்காதா என்று அத்தை சொல்லாத வார்த்தைகளுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அத்தை கொல்லைப் பக்கம் வந்து என்னம்மா முணுமுணுக்கிறாய் என்று கேட்டால், ராஜாவின் வசனம் என்பேன்.

ராஜாவுக்கு இருந்தது கொஞ்சம் வசனம்தான். கதை எல்லாருக்கும் தெரிந்தது. கூப்பிடாமல் ராஜாவின் முன்னால் போகிறவர்களுக்குச் சாவுதான் சட்டம். ராஜா தன் பொற்செங்கோலை நீட்டினால் மட்டும் பிழைக்கலாம். தன் யூத ஜனத்தையெல்லாம் ஆமான் என்கிற மந்திரி கொல்லப் போகிறான் என்று தெரிந்து, எஸ்தர் செத்தாலும் சரி என்று உள்ளே போகிறாள். ராஜா செங்கோலை நீட்டுகிறார். உனக்கு என்ன வேண்டும், ராஜ்யத்தில் பாதி கேட்டாலும் தருகிறேன் என்கிறார். அவளோ உடனே கேட்காமல் விருந்துக்குக் கூப்பிடுகிறாள். விருந்தில்தான் கேட்கிறாள்.

எனக்குச் சின்ன வயசிலிருந்தே எஸ்தரை அவ்வளவாகப் பிடிக்காது. என்ன இது, சுற்றி வளைத்துக்கொண்டு, பலகாரம் போட்டு, பட்டென்று கேட்க வேண்டியதுதானே என்று தோன்றும். எனக்குப் பிடித்தவள் அவளுக்கு முந்தின ராணி வஸ்தி. ராஜா குடித்துவிட்டுக் கூப்பிட்டபோது வர முடியாது என்றவள். ஞாயிறு பள்ளியில் வஸ்திதான் நல்லவள் என்று சொல்லி டீச்சரிடம் குட்டு வாங்கியிருக்கிறேன். இன்றைக்கும் அந்தக் கருத்தில் எனக்கு மாற்றமில்லை.

ஒத்திகை சாயங்காலங்களில் எங்கள் சபைக் கோயிலை ஒட்டிய கூடத்தில் நடந்தது. முதல் நாளே சிக்கல் தொடங்கியது. நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ராஜாவாக உட்கார்ந்திருக்கிறேன். எஸ்தர் கதவருகே வருகிறாள். ராஜா சட்டென்று எழுந்து நிற்கிறார். ஐயரம்மா தலையில் அடித்துக்கொண்டார். உட்காருங்க, மறுபடியும் என்றார். மறுபடியும் எஸ்தர் வந்தாள், மறுபடியும் ராஜா எழுந்தார். வருகிறவள் எஸ்தர், எஸ்தர், எஸ்தர் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருந்தாலும், அத்தையின் தலை தெரிந்ததும் கால்கள் என் பேச்சைக் கேட்கவில்லை. ஆமான் வேஷம் போட்டவர் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வுபெற்ற அக்கா. ராஜாவே இப்படிப் பயந்தால் நான் யாரை நம்பி அட்டூழியம் பண்ணுவது என்று அவர் கேட்க, ஒத்திகை அன்றைக்கு அதோடு கலைந்தது.

ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். கண்ணை மூடிக்கொள் என்றார் ஒருவர். மூடினேன், காலடி கேட்டு எழுந்தேன். மாமியார் மேல் ஏதாவது கோபம் இருந்தால் அதை நினைத்துக்கொள் என்றார் இன்னொருவர். அத்தையை வைத்துக்கொண்டே சொன்னார். அத்தை, அப்படி ஏதாவது இருந்தால் சொல்லு, நானும் தெரிந்துகொள்கிறேன் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் வசனத்தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. அத்தை வணங்குகிற வணக்கம். மற்றவர்களாக இருந்தால் லேசாகத் தலையைச் சாய்த்துவிட்டு வசனத்துக்குப் போயிருப்பார்கள். அத்தை முழங்காலிட்டு, நெற்றி தரையைத் தொடுகிற அளவுக்குக் குனிந்தார். நான் கால்களை நாற்காலிக்குள் இழுத்துக்கொண்டேன். பெரியவர்கள் நம் காலில் விழுந்தால் நமக்கு ஆகாது என்று ஊரில் சொல்வார்கள். வேதக்காரர்களான, அதாவது கிறிஸ்தவர்களான, நாங்கள் அதையெல்லாம் நம்புவதில்லை என்று சொல்லிக்கொள்வோம், உள்ளுக்குள் நம்புவோம்.

வீட்டுக்கு நடந்து வரும்போது, தலையை மட்டும் சாய்த்தால் போதும் அத்தை, எனக்குக் கூசுகிறது என்றேன். அவர் வாய்க்கால் பாலத்தில் நின்றுவிட்டார்.

"எங்கப்பா துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு வரப்புல குனிஞ்சு நின்னத நான் பாத்திருக்கேன்மா. அது பயம். குனியலன்னா அடி விழும். எஸ்தர் குனிஞ்சது அது இல்ல. பயந்தவ உள்ளயே வந்திருக்க மாட்டா. செத்தாலும் சரின்னு வந்துட்டு, அதுக்கப்புறம் மரியாதையா குனியிறா பாரு, அது வேற. அந்தக் குனியிறது எப்டி இருக்கும்னு நான் பாக்கணும்."

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் வேதாகமத்தை எடுத்து வைத்துக்கொண்டு, பெரியவர்களிடம் கேட்கவேண்டியதை எப்படிக் கேட்டிருக்கிறார்கள் என்று தேடத் தொடங்கினேன். பிரசங்கத்தில் கேட்டால் எல்லாம் கீழ்ப்படி, கீழ்ப்படி என்றுதான் இருக்கும், அதுவும் மருமகள்கள் உட்கார்ந்திருக்கிற பக்கம் பார்த்துத்தான் சொல்வார்கள். படித்துப் பார்த்தால் வேறு மாதிரி இருந்தது. நாபால் என்கிற முரடனின் மனைவி அபிகாயில், கோபத்தோடு வருகிற தாவீதின் எதிரே கழுதையில் போய், இறங்கி, தரையில் விழுந்து வணங்குகிறாள். வணங்கிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. மூச்சு விடாமல் ஒரு பெரிய பேச்சுப் பேசி, அந்த மனுஷனைக் கொலைப்பழியிலிருந்தே காப்பாற்றிவிடுகிறாள். குஷ்டம் தீர யோர்தான் ஆற்றில் முழுகு என்றதற்கு நாகமான் என்கிற படைத்தலைவன் முகம் சிவந்து திரும்பிப் போகிறபோது, அவன் வேலைக்காரர்கள் தகப்பனே என்று கூப்பிட்டு, உங்களுக்குக் கஷ்டமானதைச் சொல்லியிருந்தால் செய்திருப்பீர்களே, இது லேசானதுதானே என்று இதமாகச் சொல்லிக் குளிக்க வைக்கிறார்கள். நாத்தான் தீர்க்கதரிசி ஒரு ஆட்டுக்குட்டிக் கதையைச் சொல்லி தாவீது ராஜாவின் பாவத்துக்கு ராஜாவின் வாயாலேயே தீர்ப்பு எழுத வைக்கிறார். ஒருவரும் மரியாதையைக் குறைக்கவில்லை, ஒருவரும் வாயை மூடிக்கொண்டும் இருக்கவில்லை.

தாவீதைப் படித்தபோது சிரித்தே விட்டேன். தன்னைக் கொல்லத் துரத்துகிற சவுல் ராஜா தூங்கிக்கொண்டிருக்கையில், கை நீட்டினால் தீர்ந்தது என்கிற தூரத்தில் தாவீது நிற்கிறான். கர்த்தர் அபிஷேகம் பண்ணினவர் மேல் கை போடமாட்டேன் என்று ஈட்டியையும் தண்ணீர்ச் செம்பையும் மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறான். பிறகு ராஜாவைக் கூப்பிட்டு நியாயம் கேட்கிறான். எங்கே நின்று? எதிர்மலை உச்சியில், நடுவில் நல்ல தூரம் விட்டு. ராஜாவே, ஆண்டவனே என்று மரியாதையாகத்தான் கூப்பிடுகிறான், ஆனால் தூரத்திலிருந்து. எனக்கு ஏற்ற வழி இதுதான் என்று நினைத்தேன். அத்தை கொல்லையில் இருக்கும்போது சமையல்கட்டிலிருந்து சத்தமாகக் கேட்டுவிடலாம்.

மறுநாள் அப்படியே செய்தேன். அத்தை கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாக, அத்தை, உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும் என்றேன். அவர் கையை உதறிக்கொண்டு நிமிர்ந்து, சொல்லும்மா என்றார். அந்த முகத்தைப் பார்த்ததும், சாயங்காலம் ரசம் வைக்கட்டுமா, மோர்க்குழம்பு வைக்கட்டுமா என்று கேட்டேன். மோர்க்குழம்பு என்றார். என் மேலேயே எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்குக் குழம்பில் உப்பு அள்ளிப்போட்டேன். அத்தை அதில் இன்னும் மோரை ஊற்றிக் கலந்து சாப்பிட்டார்.

நாள்கள் ஓடின. ராஜா எழுவது மட்டும் நிற்கவில்லை. விழா நாளும் வந்துவிட்டது.

கோயிலுக்கு முன்னால் உள்ள திடலில் மேடை. அக்கம்பக்கத்துத் தெருக்களிலிருந்து இந்துக் குடும்பங்களும் பாய், நாற்காலி எல்லாம் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். எங்கள் ஊரில் யார் நாடகம் போட்டாலும் எல்லாருக்கும் நாடகம்தான். சிம்மாசனத்துக்கு, கல்யாண ரிசப்ஷனில் மாப்பிள்ளை உட்காரும் சிவப்பு வெல்வெட் நாற்காலியைக் கும்பகோணத்திலிருந்து வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். செங்கோல், தங்கத்தாள் சுற்றிய திரைச்சீலைக் கம்பி. எனக்கு மீசை, கிரீடம், யாருடைய மகளின் கல்யாணப் பட்டோ அங்கியாக.

அத்தையை அலங்கரித்தபோது ஒரு சின்னத் தயக்கம் வந்தது. மல்லிகைப் பூவைக் கையில் வைத்துக்கொண்டு பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மாமா போனதிலிருந்து அவர் பூ வைப்பதில்லை. அத்தை தலையைக் குனிந்து கொண்டையைக் காட்டினார். எஸ்தருக்கு வை, எனக்கு இல்லை என்றார். வைத்ததும் கண்ணாடியைக் கொஞ்சம் அதிக நேரமே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு அழகாக இருந்தார் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

ஐயரம்மா இந்த முறை எதையும் என் கால்களின் இஷ்டத்துக்கு விடவில்லை. ஒரு சால்வையால் என் இடுப்பை நாற்காலியின் முதுகோடு சேர்த்து இறுக்கிக் கட்டி, மேலே அங்கியைப் போர்த்திவிட்டார். இனி எப்படி எழுந்திருக்கிறீர்கள், பார்க்கிறேன் என்றார்.

திரை விலகியது. எஸ்தர் ராணி மேடையின் ஓரத்தில் வந்து நின்றார். பட்டும் பூவுமாக, முகத்தில் அந்த நிதானமும். நான் எழுந்தேன். நாற்காலியும் என்னோடு எழுந்தது. முதுகில் சிவப்பு வெல்வெட்டைச் சுமந்துகொண்டு ராஜா கூனி நிற்க, கிரீடம் உருண்டு முன்வரிசைக்குப் போனது. திடல் குலுங்கியது. என் மகள் தன் பாட்டியைப் பார்த்து அப்பாயி, அப்பாயி என்று கத்தியபடி கைதட்டினாள். ஐயரம்மா திரைக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் பண்ணிக்கொண்டிருந்ததாகப் பிறகு சொன்னார்கள்.

அத்தை மட்டும் சிரிக்கவில்லை. எஸ்தராகவே வந்து, எஸ்தராகவே முழங்காலிட்டார். கூட்டம் அடங்கும்வரை பொறுத்தார். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, ராஜா நாற்காலியோடு எழுந்துவிட்டார், அப்படியென்றால் நான் கேட்கிறது கிடைத்த மாதிரிதான் என்றார். அது ஐயரம்மா எழுதிய வசனம் இல்லை. திடல் மறுபடியும் குலுங்கியது. நான் நாற்காலியோடு உட்கார்ந்து செங்கோலை நீட்டினேன்.

விருந்துக் காட்சி வந்தது. தட்டில் பழம், கோப்பையில் பன்னீர் சோடா. பக்கத்தில் ஆமான் மீசையை முறுக்கிக்கொண்டு வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் குரலைக் கனமாக்கிக்கொண்டு, எஸ்தர் ராஜாத்தியே, உனக்கு என்ன வேண்டும், ராஜ்யத்தில் பாதியானாலும் கேள் என்றேன். இதற்கு அத்தை, என் ஜனத்தைக் காப்பாற்றும் என்று தொடங்கும் நீளமான வசனத்தைச் சொல்லவேண்டும். அவர் பேசவில்லை. மறந்துவிட்டார் என்று நினைத்து, என் ஜனத்தை என்று வாய்க்குள் எடுத்துக் கொடுத்தேன். இல்லை என்று லேசாகத் தலையசைத்தார். என்னைப் பார்த்தார். பிறகு வீட்டில் பேசுகிற குரலில் பேசினார்.

"ராஜா, எனக்கு ஒரு மருமக இருக்கா. நர்ஸுக்குப் படிச்சவ. தஞ்சாவூர்ல வேலை கெடைச்சிருக்கு. எங்கிட்ட கேக்கணும்னு சமையக்கட்டுல சுத்திச் சுத்தி வர்றா, வாய் வரமாட்டேங்குது. அவள நான் வேலைக்கு அனுப்பணும். புள்ளைய நான் பாத்துக்கறேன். ராஜாதான் உத்தரவு குடுக்கணும்."

சொல்லிவிட்டு நெற்றி தரையைத் தொடக் குனிந்தார்.

திடலில் எல்லாருக்கும் இது நாடகமா, இல்லையா என்று கொஞ்ச நேரம் புரியவில்லை. எனக்கு எல்லாம் புரிந்தது. எழுந்து ஓடி அவரைத் தூக்கவேண்டும் போலிருந்தது. நாற்காலி விடவில்லை. அப்படியே ஆகட்டும் என்பது ராஜாவின் வசனம். அதைத்தான் சொன்னேன். அழுகையும் சிரிப்புமாக ஒரு கோழியின் குரலில் அது வெளியே வந்தது. முன்வரிசையில் யாரோ கைதட்ட, திடல் முழுக்கக் கைதட்டியது. ஆமான் முந்தானையால் கண்ணைத் துடைத்ததில் ஒரு பக்க மீசை கையோடு வந்துவிட்டது.

அத்தை எழுந்தார். புடவையைச் சரி செய்துகொண்டு, என் காதில் மட்டும் விழும்படி, அழாதே, இன்னும் ஜனத்தைக் காப்பாற்ற வேண்டும் என்றார். உடனே நீளமான வசனத்தை ஒரு சொல் பிசகாமல் சொல்லி முடித்தார். ஆமானைத் தூக்குக்குக் கொண்டு போனார்கள். அவ்வளவு சந்தோஷமாகத் தூக்குக்குப் போன ஆமானை எந்தச் சபையும் பார்த்திருக்காது.

வீட்டுக்கு வந்து மீசையைப் பிய்த்துக்கொண்டே கேட்டேன், எப்போது தெரியும் என்று. நீ போனில் சொன்ன அன்றைக்கே அவன் எனக்கும் போன் பண்ணிச் சொல்லிவிட்டான் என்றார். நைசாகக் கழன்றுகொண்டவர் என்று நான் நினைத்த மனுஷன், முதல் வேலையாக அம்மாவிடம் ஒப்பித்திருக்கிறார். தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். அத்தை கொண்டையிலிருந்து பூவை எடுத்துக்கொண்டிருந்தார்.

"நீயா கேக்கட்டும்னு இருந்தேன். கேட்டா குடுக்கலாம்னு ஒரு ராங்கிதான். இத்தன நாளா உன் முன்னாடி முட்டி போட்டு முட்டி போட்டுத்தான் தெரிஞ்சுது, கேக்குறது எவ்வளவு கஷ்டம்னு. நான் இந்த வீட்டுல ஒருத்தர்கிட்ட கேட்டு எத்தன காலமாச்சு."

எனக்கு அப்போது அவர் மேல் வந்த பாசத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அபிகாயிலுக்கு வந்த பேச்சு எனக்கு வரவில்லை. வாயில் ஊறிப்போயிருந்த ராஜாவின் வசனம்தான் வந்தது. அதை ராஜாவாக இல்லாமல், தரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நானாகக் கேட்டேன்.

"அத்தை, உங்களுக்கு என்ன வேணும்?"

ராஜ்யத்தில் பாதியா என்று சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்துவிட்டு அவரும் நிறுத்திக்கொண்டார். கையிலிருந்த பூவைச் சுருட்டிச் சுருட்டிப் பார்த்தார். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து என்னிடம் யாரும் இதைக் கேட்டதில்லையம்மா, யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

நான் வேலைக்குச் சேர்ந்தேன். கும்பகோணம் போய் பஸ் மாறித் தஞ்சாவூர். அத்தை மடை பார்க்கிற நேரத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டு, சில நாள் என் மகளையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போனார். அவள் இப்போது தண்ணீர் முறை பற்றியெல்லாம் பேசுகிறாள். நான் தினமும் கிளம்பும்போது, யோசித்தீர்களா அத்தை என்பேன். யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்பார். ஒருநாள் டிபன் பாக்ஸை என் கையில் கொடுக்கும்போது, யாரோ கேட்டுவிடப் போகிறார்கள் என்பது போலக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"ஒருநாள் வெயில் வர்ற வரைக்கும் தூங்கணும்மா. யாரும் எழுப்பக் கூடாது."

அந்த வார விடுப்பு நாளில், அவருக்கு முன்னால் எழுந்து டார்ச்சை எடுத்துக்கொண்டு நான் மடைக்குப் போனேன். எனக்குத் தெரிந்தவரைக்கும் திறந்து, தெரிந்தவரைக்கும் அடைத்தேன். அதற்குள் செய்தி பரவிவிட்டது. அத்தையை வயலில் காணவில்லை என்றால் எங்கள் ஊரில் அது சாதாரண விஷயம் இல்லை. நான் திரும்பி வந்து கோலம் போடுவதற்குள் பக்கத்து வயல்காரர் சுக்குக் காப்பியோடு வந்து, காய்ச்சலா என்று கேட்டார். பால்காரர் டாக்டருக்குப் போன் பண்ணட்டுமா என்றார். ஆமான் அக்கா தைலம் கொண்டுவந்தார். தூங்குறாங்க என்று சொன்னால் ஒருவரும் நம்பவில்லை. எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறோம் என்றார்கள். கதவுக்குக் குறுக்கே நின்று, ஒருத்தர் உள்ளே போகக் கூடாது என்று நான் போட்ட அதட்டலில் மூன்று பேரும் பின்வாங்கினார்கள். என் கோபம் ஒருவருக்கு உபயோகப்பட்டதென்றால் அது அன்றைக்குத்தான்.

கடைசியில் ஐயரம்மாவே வந்துவிட்டார், கையில் வேதாகமத்தோடு. ஜெபம் பண்ணிவிட்டுப் போகிறேன் என்றார். ஐயரம்மாவை வாசலிலேயே நிறுத்தியவர்கள் எங்கள் சபையில் யாரும் கிடையாது. நான் கைகளைக் கட்டிக்கொண்டு, மரியாதையாகத்தான், உடம்புக்கு ஒன்றுமில்லை, தூங்குறாங்க, இப்போது முடியாதுங்க என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்போது உள்ளேயிருந்து அத்தையின் குறட்டை நிதானமாக வந்தது. வெயில் வாசற்படி ஏறி நிலைக்கதவைத் தொட்டிருந்தது. ஐயரம்மாவின் முகம் மெல்ல மலர்ந்தது.

இன்னும் எவ்வளவு நேரம் என்று ரகசியமாகக் கேட்டார்.

"அவங்களுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு நேரம்ங்க."

ஐயரம்மா தலையாட்டினார். படியிறங்கி, செருப்பைக் காலில் மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் வராமல் தெருவில் நடந்து போனார்.